பின்சக்கர பிரேக்: பேட் மாற்றும் கலையும் அதன் அறிவியலும்

ஓடும் காரின் இயக்க ஆற்றல், கார் நின்றதும் மறைந்துவிடுவதில்லை, வெப்பமாக மாறுகிறது. 1,300 கிலோ எடையுள்ள கார் ஒன்று மலேசிய விரைவுச்சாலைகளின் உச்ச வரம்பான மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதனிடம் ஏறத்தாழ 6 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள இரண்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். மிதியை அழுத்தும் சில நொடிகளில் அவ்வளவு வெப்பமும் நான்கு சக்கரங்களுக்குள் பிறக்கிறது. அதைப் பிறப்பிப்பவை உள்ளங்கைக்குள் அடங்கும் உராய்வுத் துண்டுகள். அவைதான் பிரேக் பேட்.

ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்பங்காகிவிடும். மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் அதே காரின் ஆற்றல் 65,000 ஜூல்தான். ஆனால் கோலாலம்பூரிலிருந்து பெட்டாலிங் ஜெயா, ஷா ஆலம் வழியாகக் கிள்ளான் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையில், மாலை நெரிசலில் அந்த வேகத்தை எட்டுவதும் மீண்டும் நிற்பதுமாக ஒரு கார் நூறு முறை நின்றால், மொத்தம் 65 லட்சம் ஜூல் பேட்களில் கரைகிறது. கெந்திங் மலைச்சாலையில் 1,000 மீட்டர் உயரம் இறங்கும் அதே கார் இழக்க வேண்டிய ஆற்றல் சுமார் 127 லட்சம் ஜூல். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் ஒரு பகுதியை எஞ்சின் ஏற்கும். இல்லாவிட்டால் பெரும்பகுதி பிரேக்கின் தலையில்தான் விழும். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் கார்களின் பேட் தேய்வதற்கு இந்த இரண்டு பாதைகளும் இரண்டு வகைச் சான்றுகள்: ஒன்று சிறுகச் சிறுகத் தேய்க்கிறது, மற்றது ஒரே மூச்சில் சுடவைக்கிறது.

முன்சக்கரமும் பின்சக்கரமும்

பிரேக் பிடிக்கும்போது காரின் மூக்கு தாழ்வதைப் பயணிகள் உணர்வார்கள். நிற்கும்போது முன்சக்கரங்களில் 780 கிலோவும் பின்சக்கரங்களில் 520 கிலோவும் தாங்கியிருக்கும் ஒரு கார், பலமாக பிரேக் பிடிக்கும்போது ஏறத்தாழ 215 கிலோ பாரத்தை முன்னால் தள்ளிவிடுகிறது. அந்தக் கணத்தில் முன்பக்கம் சுமார் 995 கிலோ, பின்பக்கம் 305 கிலோ. சாலையைப் பற்றும் வலிமை டயரின் மீதுள்ள பாரத்தைப் பொறுத்தது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. சக்கரத்தோடு சுழலும் தகடான டிஸ்கும், அதை அழுத்தும் பேட்டும் பின்பக்கத்தில் சிறியதாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சிறியது என்பதால் பின்பக்க பிரேக் முக்கியமற்றது என்று கொள்ளக் கூடாது. பின்சக்கரம் முன்சக்கரத்துக்கு முந்தி இறுகிச் சுழலாமல் நின்றுவிட்டால், கார் வாலைச் சுழற்றிக்கொண்டு திரும்பிவிடும். இதைத் தடுக்கவே பின்பக்கத்துக்குச் செல்லும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு பழைய கார்களில் இருந்தது. இப்போது அந்த வேலையை, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் மின்னணு மூளை செய்கிறது. மின்னணுக் கட்டுப்பாடு உள்ள சில கார்களில், மெதுவாக பிரேக் பிடிக்கும்போது மூக்கு தாழாமல் இருப்பதற்காகப் பின்பக்கத்துக்குக் கூடுதல் வேலை கொடுக்கப்படுகிறது. அத்தகைய கார்களில் பின்பக்க பேட் முன்பக்க பேட்டுக்கு இணையாகவோ அதைவிட விரைவாகவோ தேய்வது உண்டு.

வேலையைத் தொடங்குமுன் காரின் பின்பக்கத்தில் பேட் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். மலேசியச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படும் பெரோடுவா மைவி, புரோட்டோன் சாகா ஆகியவற்றின் பின்சக்கரங்களில் பெரும்பாலும் இருப்பது டிரம் பிரேக். அதில் பேட்டுக்குப் பதிலாக வளைந்த பிரேக் ஷூ இருக்கும். அதை மாற்றும் முறை முற்றிலும் வேறு. புரோட்டோன் எக்ஸ்70, ஹோண்டா சிவிக் போன்ற கார்களில் பின்பக்கமும் டிஸ்க் உண்டு. சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் பளபளக்கும் வட்டத் தகடும் அதைக் கவ்வியிருக்கும் கேலிப்பரும் தெரிந்தால் அது டிஸ்க் பிரேக். மூடிய உலோகக் குடம் போலத் தெரிந்தால் டிரம்.

கேலிப்பருக்குள் நடப்பது

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பாஸ்கல் வகுத்த விதி. ஒருவர் 20 கிலோ விசையுடன் மிதியை அழுத்துவதாகக் கொள்வோம். மிதியின் நெம்புகோல் அமைப்பு அதை நான்கு மடங்காக்கினால் 80 கிலோ. வெற்றிடத்தால் இயங்கும் பூஸ்டர் மேலும் நான்கு மடங்காக்கினால் 320 கிலோ. அது 3.9 சதுர செ.மீ. பரப்புள்ள மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும்போது குழாய்க்குள் சதுர செ.மீ.க்கு 80 கிலோவுக்கு மேல் அழுத்தம் உண்டாகிறது. கார் டயரில் இருப்பது இரண்டேகால் கிலோ அளவுதான். அந்த அழுத்தம் 10 சதுர செ.மீ. பரப்புள்ள பிஸ்டனை அடையும்போது, பேட் டிஸ்கின் மீது 800 கிலோவுக்கு மேற்பட்ட விசையுடன் அழுந்துகிறது.

பெரும்பாலான பின்பக்கக் கேலிப்பர்களில் ஒரே ஒரு பிஸ்டன்தான் இருக்கும். அது உட்புற பேட்டைத் தள்ளும். அதன் எதிர்விசையால் கேலிப்பர் முழுவதும் இரண்டு ஸ்லைடு பின்களின் மீது நகர்ந்து, வெளிப்புற பேட்டை மறுபக்கத்திலிருந்து இழுத்து அழுத்தும். இரண்டு பேட்களும் சமமாகத் தேய வேண்டுமானால் அந்தப் பின்கள் தடையின்றி நகர வேண்டும்.

மிதியை விட்டதும் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ஸ்பிரிங் அல்ல. பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர வெட்டுமுகம் கொண்ட ரப்பர் வளையம். பிஸ்டன் முன்னேறும்போது அந்த வளையம் சற்றே முறுக்கிக்கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, பிஸ்டனையும் மயிரிழை அளவு பின்னுக்குக் கொண்டுவருகிறது. பேட் தேயத் தேய பிஸ்டன் வளையத்துக்குள் வழுக்கி நிரந்தரமாகவே முன்னுக்கு வந்துவிடும். அது விட்டுச்சென்ற இடத்தைத் திரவம் நிரப்பும். பானட்டுக்கு அடியில் உள்ள திரவக் குடுவையில் மட்டம் மெல்லக் குறைவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மட்டம் குறைந்ததும் அதை நிரப்பிவிடுவோர் உண்டு. புதிய பேட் போடப் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளும் நாளில் அந்தக் கூடுதல் திரவம் வழிந்து கொட்டும்.

ஹேண்ட்பிரேக் என்னும் தனிச் சிக்கல்

முன்பக்க பேட் மாற்றத் தெரிந்தவர்களும் பின்பக்கத்தில் தடுமாறுவதற்கு ஒரே காரணம் ஹேண்ட்பிரேக். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பிடிக்கிறது. அமைப்பில் மூன்று வகை உண்டு.

முதல் வகையில் ஹேண்ட்பிரேக் கம்பிவடம் கேலிப்பரின் பின்புறமுள்ள சிறு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் உள்ளே இருக்கும் திருகை இயக்கி, பிஸ்டனை முன்னுக்குத் தள்ளும். பேட் தேய்வதற்கு ஏற்ப அந்தத் திருகு தானாகவே நீண்டுகொள்ளும். இத்தகைய பிஸ்டனை நேராக அழுத்தினால் உள்ளே போகாது. திருகிக்கொண்டே அழுத்த வேண்டும். முரட்டுத்தனமாகக் கிளாம்ப் போட்டு நெரித்தால் உள்ளிருக்கும் திருகு சிதைந்து, கேலிப்பர் முழுவதையும் மாற்ற நேரிடும். பிஸ்டனின் முகத்தில் சிலுவை போன்ற பள்ளமோ இரண்டு குழிகளோ தெரிந்தால் அது திருகும் வகை.

இரண்டாம் வகையில் டிஸ்கின் நடுவே உள்ள குடத்துக்குள் ஹேண்ட்பிரேக்குக்கெனத் தனியாக ஒரு சிறு டிரம் இருக்கும். கேலிப்பருக்கும் ஹேண்ட்பிரேக்குக்கும் தொடர்பில்லை. இங்கே பிஸ்டனை முன்பக்கத்தைப் போலவே நேராகப் பின்னுக்குத் தள்ளலாம்.

மூன்றாம் வகை மின்சார ஹேண்ட்பிரேக். புரோட்டோன் எக்ஸ்70 இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கேலிப்பரின் பின்புறம் ஒட்டியிருக்கும் சிறு மோட்டார் திருகைச் சுழற்றிப் பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் மாற்றுமுன் இந்த அமைப்பைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுவந்து, மோட்டார் தன் திருகை முழுவதும் பின்னிழுத்துக்கொள்ளச் செய்ய வேண்டும். சில கார்களில் சுவிட்சையும் மிதியையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தினாலே போதும். சிலவற்றுக்குக் கணினியுடன் பேசும் ஸ்கேனர் தேவை. எந்த முறை என்பதைக் காரின் கையேடு சொல்லும். இதைச் செய்யாமல் பிஸ்டனைத் தள்ளினால் பல்சக்கரங்கள் உடையும். வேலை நடக்கும்போது யாராவது காரை இயக்கினால் மோட்டார் திடீரென முன்னேறி விரலை நசுக்கிவிடும். காரின் சாவி வேலை செய்பவரின் வசமே இருக்க வேண்டும்.

தேய்மானத்தை அறிதல்

புதிய பின்பக்க பேட்டில் இரும்புத் தகட்டின் மீது 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும். அது 3 மி.மீ. ஆகும்போது மாற்றிவிடுவது நல்லது, 2 மி.மீ.க்குக் கீழே ஓட்டுவது ஆபத்து. பல பேட்களில் ஒரு மெல்லிய எஃகு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் எல்லைக்கு வந்ததும் அந்த நாக்கு டிஸ்கில் உரசிக் கீச்சிடும். கீச்சொலி எச்சரிக்கை, இரும்பும் இரும்பும் அரைபடும் கரகரப்பு காலம் கடந்துவிட்டதன் அறிகுறி.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளக் கூடாது. இரவு மழையில் வெட்டவெளியில் நின்ற காரை மறுநாள் காலை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று முறை பிரேக் பிடிக்கையில் கரகரவென்று ஒலி வரும். ஈரத்தில் டிஸ்கின் மேல் படிந்த மெல்லிய துருவைப் பேட் வழித்தெடுக்கும் ஓசை அது. சிறிது தூரத்தில் நின்றுவிடும். ஒலி நிற்காமல் தொடர்ந்தால்தான் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

பழைய பேட்களைக் கழற்றியதும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மருத்துவச் சோதனைக்குச் சமம். உட்புற பேட் அதிகமாகவும் வெளிப்புற பேட் குறைவாகவும் தேய்ந்திருந்தால் ஸ்லைடு பின் இறுகியிருக்கிறது என்று பெரும்பாலும் பொருள். ஒரு பக்கச் சக்கரத்தில் மட்டும் இரண்டு பேட்களும் விரைவாகத் தேய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பிஸ்டனோ ஹேண்ட்பிரேக் வடமோ முழுமையாக விடுபடவில்லை. கடற்காற்று வீசும் கிள்ளான் துறைமுகப் பகுதியில் உப்பும் ஈரமும் சேர்ந்து பின்களையும் வடங்களையும் துருப்பிடிக்கச் செய்வதால், அங்கு ஓடும் கார்களில் இதைக் கவனமாகப் பார்ப்பது நல்லது.

உராய்வுப் பொருளின் கதை

பேட்டின் உடலில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு நூறாண்டு வரலாறு உண்டு. 1902இல் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்புத் துண்டுகள் காது கூசும்படி அலறின. விரைவாகத் தேய்ந்தும் போயின. நல்ல உராய்வுப் பொருளுக்கான தேடல் அதற்கு முன்பே, 1897இல் ஹெர்பர்ட் ஃபுரூட் தொடங்கிய ஃபெரோடோ நிறுவனத்தில் நடந்துகொண்டிருந்தது. பின்னாளில் வெப்பத்தைத் தாங்கும் கல்நார் உலகெங்கும் பிரேக்குகளில் இடம்பிடித்தது. 1953இல் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் லெ மான்ஸ் பந்தயத்தை வென்ற பிறகு, சாலைக் கார்களிலும் டிஸ்க் பரவியது.

கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கிப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான பின் பல நாடுகள் அதைக் கைவிட்டன. இன்றைய பேட்கள் ரெசின் பசையில் இழைகள், உலோகத் துகள்கள், கிராஃபைட், பீங்கான் போன்றவற்றைக் கலந்து சுட்டு உருவாக்கப்படுபவை. ஆயினும் எந்த பிரேக் தூசியும் மூச்சுக்கு ஏற்றதல்ல. காற்றுக் குழாயால் ஊதி அதைப் பறக்கவிடக் கூடாது; முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகவே துடைத்தெடுக்க வேண்டும்.

இடமும் கருவியும்

சமதளமான கான்கிரீட் தரைதான் உகந்த இடம். தாமான் வீடுகளின் முன்புறப் போர்ச் பெரும்பாலும் இதற்குப் போதும். ஆனால் மழைநீர் வடிய அது வாசலை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் அடுக்குமாடிகளில் வசிப்போர், வாகன நிறுத்துமிடத்தில் பழுதுபார்க்க நிர்வாகம் அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்வது முறை. அங்குள்ள சரிவுப் பாதைகளில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. தார்த்தரையில் உச்சிவெயிலில் ஜேக் ஸ்டாண்டின் கால்கள் அழுந்திப் புதையும். அடியில் தடித்த பலகை வைக்க வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். ஆகவே காலையில் தொடங்குவது நல்லது. இரவெல்லாம் நின்ற காரின் டிஸ்கும் அப்போது குளிர்ந்திருக்கும்.

தேவையானவை: ஜேக், இரண்டு ஜேக் ஸ்டாண்டுகள், சக்கரத்துக்கு அடை கொடுக்க முட்டுக்கட்டைகள், சாக்கெட்டும் ஸ்பேனரும், டார்க் ரென்ச், பிஸ்டனைத் திருகும் கருவி, கம்பித் தூரிகை, பிரேக் கிளீனர், பிரேக்குக்கான கிரீஸ், கையுறை, முகக்கவசம், கேலிப்பரைத் தொங்கவிட ஒரு துண்டுக் கம்பி. சாதாரண கிரீஸைப் பின்களில் தடவக் கூடாது. பிரேக் அமைப்பின் ரப்பர் உறைகள் கனிம எண்ணெய் பட்டால் ஊறி உப்பிவிடும்; சிலிக்கோன் கிரீஸே அதற்கு ஏற்றது.

மாற்றும் முறை

பின்சக்கர வேலையில் ஹேண்ட்பிரேக்கை விடுவித்தே ஆக வேண்டும். எனவே காரை அசையாமல் நிறுத்தும் பொறுப்பு முன்சக்கரங்களுக்குப் போகிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. அவற்றில் கியரை பி நிலையில் வைத்தால், மேனுவலில் முதல் கியரில் வைத்தால், முன்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். அதன்மேல் இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைக்க வேண்டும். வீல் நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டு, பிறகு கையேடு காட்டும் இடத்தில் ஜேக்கை வைத்துத் தூக்கி, ஜேக் ஸ்டாண்டுகளின் மேல் இறக்க வேண்டும். ஜேக் தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவது ஸ்டாண்டின் வேலை. கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியில் படுக்கவைத்தால் அது கடைசிப் பாதுகாப்பாக இருக்கும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்கக் கூடாது. ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். பாகங்கள் எப்படி அமர்ந்திருந்தன என்ற ஐயம் வந்தால், பிரிக்காத பக்கம் அசல் படமாக உதவும். ஆனால் பேட்களை இரண்டு பக்கத்துக்கும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் கார் ஒருபுறமாக இழுக்கும்.

கேலிப்பரின் ஸ்லைடு பின் போல்ட்டுகளை அவிழ்த்ததும் கேலிப்பர் கையோடு வரும். சில கார்களில் ஒரு போல்ட்டை மட்டும் அவிழ்த்து, கேலிப்பரை மேல்நோக்கி மடக்கினாலே போதும். முழுவதும் கழற்றினால் அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடக் கூடாது. குழாயின் உட்சுவர் கிழிந்தால் வெளியே தெரியாது. கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். பழைய பேட்கள் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வரும். அவை அமரும் இடத்திலுள்ள எஃகுக் கிளிப்புகளைப் புதிதாக மாற்றுவதும், துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுப்பதும் பேட் தடையின்றி நகர உதவும். ஸ்லைடு பின்களை வெளியே இழுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, புதிய கிரீஸ் மெல்லியதாகத் தடவி மீண்டும் செருக வேண்டும்.

இந்த வேளையில் டிஸ்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தாலோ, விரிசலோ ஆழ்ந்த பள்ளமோ தெரிந்தாலோ டிஸ்கையும் மாற்ற வேண்டும். மெலிந்த டிஸ்க் வெப்பத்தை உள்வாங்கும் திறனை இழந்துவிடுகிறது.

அடுத்தது பிஸ்டன். திரவக் குடுவையின் மூடியைத் திறந்து, மட்டம் மேல்கோட்டை ஒட்டியிருந்தால் சுத்தமான ஊசிக்குழலால் கொஞ்சம் உறிஞ்சி எடுக்க வேண்டும். பிரேக் திரவம் பெயிண்ட்டை அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். திருகும் வகைப் பிஸ்டனைக் கருவியால் மெல்ல அழுத்தியபடி பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். சில கார்களில் ஒரு பக்கம் மட்டும் இடஞ்சுழியாக இருக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழுவதும் உள்ளே சென்றபின், பிஸ்டன் முகத்தின் பள்ளத்தைச் சரியான கோணத்தில் நிறுத்த வேண்டும். ஏனெனில் உட்புற பேட்டின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும். அது அந்தப் பள்ளத்துக்குள் அமர்ந்தால்தான் பிஸ்டன் தானே சுழன்றுவிடாமல் நிற்கும், ஹேண்ட்பிரேக் திருகும் சரியாக நீளும். தொடக்கநிலையினர் மிகுதியாகத் தவறவிடும் இடம் இதுதான்.

புதிய பேட்களை, எச்சரிக்கை நாக்கு பழைய பேட்டில் இருந்த அதே நிலையில் இருக்குமாறு பொருத்த வேண்டும். பேட்டின் காதுகளிலும் முதுகிலும் மெல்லிய கிரீஸ் போதும். உராய்வு முகத்திலோ டிஸ்கிலோ ஒரு துளியும் படக் கூடாது. பட்டால் கிளீனரால் உடனே துடைக்க வேண்டும். கேலிப்பரை இறக்கி, போல்ட்டுகளைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்க வேண்டும். சக்கரத்தை மாட்டி, காரை இறக்கியபின் வீல் நட்டுகளை எதிரெதிர் வரிசையில் இறுக்க வேண்டும். ஹோண்டா கார்களில் இறுக்கும் அளவு பொதுவாக 108 நியூட்டன் மீட்டர், டொயோட்டாவில் 103. சுமார் 100 கி.மீ. ஓடியபின் ஒருமுறை மீண்டும் சரிபார்ப்பது வழக்கம்.

காரை நகர்த்துமுன்

பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் பேட்டுக்கும் டிஸ்குக்கும் இடையே இப்போது இடைவெளி இருக்கிறது. முதல் முறை மிதியை அழுத்தினால் அது தரைவரை போகும், கார் நிற்காது. ஆகவே எஞ்சினை இயக்குமுன் மிதியை மெல்ல மெல்லப் பலமுறை அழுத்தி, அது கெட்டிப்படும்வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகு திரவ மட்டத்தைச் சரிபார்க்க வேண்டும். கம்பிவட ஹேண்ட்பிரேக்கைப் பலமுறை இழுத்துவிட்டால் உள்ளிருக்கும் தானியங்கித் திருகு தன் அளவைக் கண்டுகொள்ளும். மின்சார வகையில் பராமரிப்பு நிலையிலிருந்து மீட்டெடுக்க வேண்டும். மிதி பஞ்சு போல அழுந்தினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அந்தக் காரைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

முதல் ஓட்டம் வீட்டுத் தெருவிலேயே, நடைவேகத்தில் தொடங்க வேண்டும். பிரேக் பிடிப்பது உறுதியான பிறகு, போக்குவரத்து இல்லாத சாலையில் மணிக்கு 60 கி.மீ.யிலிருந்து 20 கி.மீ. வரை பத்து முறை மிதமாக வேகத்தைக் குறைக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் இடையே டிஸ்க் ஆற இடைவெளி விட வேண்டும். இதற்குள் பேட்டின் பொருள் மிக மெல்லிய படலமாக டிஸ்கின் மேல் சீராகப் படிகிறது. அந்தப் படலமும் பேட்டும் ஒன்றையொன்று பற்றுவதுதான் நல்ல பிரேக்கின் அடித்தளம். சூடான நிலையில் காரை நிறுத்தி மிதியை அழுத்திப் பிடித்தால், அந்த ஓரிடத்தில் மட்டும் படலம் தடித்துப் பின்னர் அதிர்வு உண்டாகும். முதல் சில நூறு கிலோமீட்டர் வரை கெந்திங் போன்ற நீண்ட இறக்கங்களைத் தவிர்ப்பது நல்லது.

ஈரமும் கொதிநிலையும்

பட்டறைகளில் பிரேக் ஆயில் என்று சொல்லப்பட்டாலும் அது எண்ணெய் அல்ல. பெரும்பாலும் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது ஈர்த்துக்கொள்ளும். டாட் 3 என்ற தரத்திலான புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 திரவத்துக்கு இந்த அளவுகள் 230, 155. நீண்ட இறக்கத்தில் கேலிப்பர் சூடாகித் திரவம் கொதித்தால் நீராவிக் குமிழிகள் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். போதிய அழுத்தம் உருவாகாமல், மிதி வெறுமனே கீழே போய்விடும். ஆண்டு முழுவதும் காற்று ஈரமாக இருக்கும் மலேசியாவில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இந்தத் திரவத்தை மாற்றுவது புதிய பேட் போடுவதற்கு நிகரான பாதுகாப்பு. திறந்து பல மாதங்கள் ஆன புட்டியில் மிஞ்சியதை ஊற்றக் கூடாது.

எடுத்த பழைய திரவத்தைச் சாக்கடையில் கொட்டுவதும் தவறு. கிள்ளான் பள்ளத்தாக்கின் வடிகால்களில் பெரும்பாலானவை சேரும் இடம் கிள்ளான் ஆறு. அது கோலாலம்பூரைக் கடந்து கிள்ளானில் கடலில் கலக்கிறது. மூடிய புட்டியில் சேர்த்து, கழிவு எண்ணெய் வாங்கும் பட்டறையில் கொடுப்பதே முறை.

கேலிப்பரில் திரவக் கசிவு, இறுகி அசையாத பிஸ்டன், கிழிந்த ரப்பர் உறை, வெடிப்புள்ள குழாய், அணையாத ஏபிஎஸ் விளக்கு ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தொடக்கநிலையினர் வேலையை அங்கேயே நிறுத்திப் பட்டறையை நாட வேண்டும். மிதி கெட்டிப்படாத காரை ஓட்டிச் செல்லாமல், ஏற்றிச் செல்ல வேண்டும். வேலையை முடித்தவர்களும் அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் ஒருமுறை காட்டி உறுதி செய்துகொள்வது நல்லது. பின்சக்கர பேட் மாற்றுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். ஆனால் அந்த மிதியை நம்பிச் சாலையில் இருப்பவர் ஓட்டுநர் ஒருவர் மட்டுமல்ல. சக்கரத்தை மாட்டியபின் மிதி காலுக்குக் கெட்டியாகத் தட்டுப்படும்வரை காரை ஓர் அடிகூட நகர்த்தாதீர்கள்.